மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? முதலாண்டு உயிரியலைச் சோதிக்கும் கேள்விகள்

ஒரு விதையை மண்ணில் ஊன்றுகிறோம். சில பத்தாண்டுகளில் அது பெரிய மரமாகிறது. வெட்டிக் காயவைத்தால் நூற்றுக்கணக்கான கிலோ கட்டை தேறும். அத்தனை எடையும் எங்கிருந்து வந்தது? கல்லூரியில் முதலாண்டு உயிரியல் முடித்த ஒருவரிடம் கேட்டால், மண்ணிலிருந்து, தண்ணீரிலிருந்து, உரத்திலிருந்து, சூரிய ஒளியிலிருந்து என்று விதவிதமாகப் பதில் வரும். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை எழுதச் சொல்லுங்கள், அதே ஆள் எழுத்துப் பிசகாமல் எழுதிக் காட்டுவார். அதன் இடது பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, வலது பக்கத்தில் சர்க்கரை. கட்டையில் உள்ள கார்பன் முழுக்கக் காற்றிலிருந்து வந்தது என்றுதான் அந்த ஒற்றை வரி சொல்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். மீதியில் பெரும்பங்கான ஆக்சிஜனும் அதே வாயுவோடு உள்ளே வந்ததுதான். தண்ணீர் தன் பங்குக்குக் கொடுப்பது ஹைட்ரஜனை.

1990-களில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஆவணப்படம் ஒன்றில், பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு நின்றவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். பலருக்குப் பதில் தெரியவில்லை. விடையைச் சொன்ன பிறகும், ஒரு வாயுவிலிருந்து இவ்வளவு எடை எப்படி வரும் என்று சிலர் நம்பத் தயங்கினார்கள். அவர்கள் மக்குகள் அல்லர். பள்ளியிலும் கல்லூரியிலும் ஒளிச்சேர்க்கை பற்றி அவர்கள் எழுதிய தேர்வுகள் எதுவும் இந்தப் பக்கமாக வந்ததே இல்லை, அவ்வளவுதான்.

தடுமாறியவர்களுக்குத் துணையும் பெரிது. 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற ஃபிளெமிஷ் அறிஞர், 200 பவுண்டு காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே உண்டானது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648-இல் இது அச்சில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கரியை எரித்தால் வெளிவரும் வாயுவை, இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று அறிவதை, முதலில் விவரித்தவர்களில் அவரும் ஒருவர். விடை பக்கத்திலேயே இருந்தும் இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை.

இதைப் புரட்டிப் போட்டால் இன்னொரு கேள்வி கிடைக்கும். ஒருவர் 10 கிலோ கொழுப்பைக் குறைத்துவிட்டார். அந்தக் கொழுப்பு எங்கே போனது? 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவரும் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது. மருத்துவர்கள், உணவியலாளர்கள், உடற்பயிற்சியாளர்கள் என்று அவர்கள் விசாரித்தவர்களில் பெரும்பாலோர், கொழுப்பு ஆற்றலாகவோ வெப்பமாகவோ மாறிவிடுகிறது என்றே நினைத்திருந்தார்கள். பொருள் ஆற்றலாகக் கரைந்து காணாமல் போகாது என்பதைப் பள்ளி வேதியியலிலேயே படித்தவர்கள்தான் அத்தனை பேரும்.

மரம், கொழுப்பு இரண்டும் சோதிப்பது ஒரே கருத்தை: உயிரிகளின் ஊடாகக் கார்பன் எப்படிப் பயணிக்கிறது? 2009-இல் கூடிய மாநாட்டுக்குப் பிறகு 2011-இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் வெளியிட்ட அறிக்கை, இளநிலை உயிரியலுக்கு ஐந்து மையக் கருத்துகளை முன்வைத்தது. பரிணாமம், அமைப்புக்கும் செயலுக்கும் உள்ள உறவு, தகவலின் ஓட்டம், ஆற்றலும் பொருளும் உருமாறும் பாதைகள், பகுதிகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு முழுமையாக இயங்குவதைப் பற்றிய அமைப்பியம் என்பவை அவை. முதலாண்டுப் பாடநூலோ ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். ஆயிரம் பக்கத்துக்கும் ஐந்து கருத்துக்கும் நடுவில் மாணவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டியது தேர்வின் வேலை. பெரும்பாலான வினாத்தாள்கள் அந்தப் பக்கங்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன.

செல்லின் ஆற்றல் நிலையம் எது என்று கேட்டால் மைட்டோகாண்ட்ரியா என்று விடை வரும், மதிப்பெண்ணும் வரும். தாவரத்தின் வேர்ச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா உண்டா, இரவில் அது என்ன செய்கிறது என்று அடுத்ததாகக் கேட்டுப் பாருங்கள். விலங்குகள் சுவாசிக்கின்றன, தாவரங்கள் அதற்குப் பதிலாக ஒளிச்சேர்க்கை செய்கின்றன என்ற பழைய எண்ணம் அப்போதுதான் தலைகாட்டும். தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது. ஒளியே படாத வேருக்கு வேறு வழியும் இல்லை. முதல் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியவர் இதில் சறுக்கினால், அவர் அறிந்து வைத்திருந்தது ஒரு பட்டப்பெயரை மட்டுமே.

கேள்விகளை இப்படித் தரம் பிரிக்க, பெஞ்சமின் புளூமும் உடனிருந்தோரும் 1956-இல் வகுத்த ஆறு படிகளை ஆசிரியர்கள் இன்னமும் பயன்படுத்துகிறார்கள். நினைவுகூரலில் தொடங்கி மதிப்பிடுதல் வரை போகும் ஏணி அது. அதை வைத்து ஒரு குழப்பமும் நடக்கிறது. கஷ்டமான கேள்வி வேறு, ஆழமான கேள்வி வேறு. கிரெப்ஸ் சுழற்சியின் ஐந்தாம் வினையை ஊக்குவிக்கும் நொதியின் பெயரைக் கேட்டால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். அப்படியும் அது ஏணியின் கீழ்ப்படிதான். பாதிப் பேர் தோற்றார்கள் என்பதற்காக ஒரு வினாத்தாளைத் தரமானது என்று மெச்சுவது எனக்கு எப்போதுமே விளங்காத வழக்கம்.

கொள்குறி வினாவில் சரியான விடையை எழுதுவது சுலபம், பாடத்திலேயே இருக்கிறது. சிரமம் மற்ற மூன்று விடைகளில். அவை ஒப்புக்கு வைத்த நிரப்பிகளாக இருந்தால், மாணவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டி, ஒன்றும் தெரியாமலேயே விடைக்கு வந்து சேர்ந்துவிடுவார். ஒவ்வொரு தவறான விடையும் மாணவர்கள் நிஜமாகவே நம்பும் ஒன்றாக இருக்கும்போது கதை வேறு. அப்போது தவறாக எழுதியவர்கூட நமக்கு ஒரு செய்தி சொல்கிறார். வினாத்தாள் எழுதுபவரின் கைவண்ணத்தைத் தவறான விடைகளில்தான் பார்க்க வேண்டும்.

சவ்வூடு பரவலை எடுத்துக்கொள்வோம். ஆங்கில யூ எழுத்து வடிவில் ஒரு கண்ணாடிக் குழாய். நடுவில் தண்ணீரை மட்டும் விடும் சவ்வு. இடப்பக்கம் 10 விழுக்காடு சர்க்கரைக் கரைசல், வலப்பக்கம் 2 விழுக்காடு. தொடக்கத்தில் இருபுறமும் ஒரே மட்டம். சில மணி நேரம் கழித்து இடப்பக்கத்தின் மட்டம் ஏறும், இறங்கும், அப்படியே இருக்கும் என்று மூன்று வாய்ப்புகள் தருகிறோம். ஏறும் என்று பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இத்தோடு நிறுத்தினால் வகுப்புக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று ஆசிரியர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாம் அடுக்காக, ஏன் ஏறுகிறது என்று கேட்டு நான்கு காரணங்களைக் கொடுப்போம். சர்க்கரை மூலக்கூறுகள் தண்ணீரைத் தம் பக்கம் உறிஞ்சுகின்றன. இருபுறமும் செறிவு சமமாக வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் நகர்கிறது, சமமானதும் நின்றுவிடுகிறது. சர்க்கரை சவ்வைக் கடந்து வலப்பக்கம் போக, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் இரு திசையிலும் ஓயாமல் கடக்கின்றன, இடம் நோக்கிக் கடப்பவை அதிகம். நான்காவதுதான் சரி. இரண்டாவதைத் தேர்ந்தவரின் முதல் விடையும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சமநிலை என்றால் மூலக்கூறுகள் அசையாமல் நின்றுவிடும் என்று அவர் நம்புகிறார். மூலக்கூறுகளுக்கு ஒரு குறிக்கோளும் வைத்துவிட்டார். நீரியல் திறன் என்ற அடுத்த பாடத்தை இந்த அடித்தளத்தின்மேல் கட்ட முடியாது.

டேவிட் டிரீகஸ்ட் 1980-களில் பரப்பிய இந்த ஈரடுக்கு முறையில், ஓடம், பாரோ என்ற இருவர் 1995-இல் பரவலுக்கும் சவ்வூடு பரவலுக்கும் 12 வினாக்கள் கொண்ட ஒரு தேர்வையே தயாரித்தார்கள். அதற்கு முன் 1992-இல் இயற்பியலில் விசை பற்றிய கருத்துத் தேர்வு ஒன்று வெளியாகிப் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியிருந்தது. கணக்குகளைச் சரளமாகப் போடும் மாணவர்கள், எண்களே இல்லாத எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். உயிரியலிலும் அதே வழியில் இயற்கைத் தேர்வுக்கு 2002-இலும், மரபியலுக்கு 2008-இலும், மூலக்கூறு மற்றும் செல் உயிரியலுக்கு 2010-இலும் கருத்துத் தேர்வுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் செய்முறை ஏறக்குறைய ஒன்றே. முதலில் மாணவர்களை உட்காரவைத்துப் பேசவிடுவது, அல்லது சொந்த நடையில் எழுதவிடுவது. அவர்கள் சொன்ன தவறான விளக்கங்களையே, கூடியமட்டும் அவர்கள் வாய்ச்சொல்லிலேயே, விடைகளாக வைப்பது. அதன்பிறகு துறை அறிந்தவர்களிடம் கொடுத்துச் சரிபார்ப்பது. ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யும் தவறு வேறு மாதிரி இருக்கும்.

இதில் ஒரு கணக்கு உண்டு. நான்கு விடைகள் கொண்ட 20 வினாக்களைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 5 சரியாக விழும். நன்றாகச் செய்த கருத்துத் தேர்வில் ஒருவர் 5-க்கும் கீழே எடுக்கக்கூடும். அவர் ஊகிக்கவில்லை, உறுதியாக நம்பும் ஒன்றைத் தேடித்தேடிக் குறித்திருக்கிறார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த மதிப்பெண் பாடமே படிக்காதவருடையதாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

பரிணாமத்தில் இது பளிச்சென்று தெரியும். ஒரு ஆன்டிபயாடிக் மருந்துக்கு முன்பு மடிந்த பாக்டீரியா இப்போது மடிவதில்லை, எப்படி? பிழைக்க வேண்டிய தேவை இருந்ததால் எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொண்டன என்பது ஒரு விடை. மருந்தோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, அந்தப் பழக்கத்தைச் சந்ததிக்குக் கொடுத்தன என்பது இன்னொன்று. எதிர்ப்புத் திறன் உள்ள சில ஏற்கெனவே இருந்தன, மற்றவை மடிய அவை பெருகின என்பது சரியான விடை. சடுதிமாற்றம், அதாவது டிஎன்ஏவில் நேரும் மாற்றம், ஆபத்துக்கு மறுமொழியாக உண்டாவதில்லை, அதைச் சந்திக்கும் முன்பே தற்செயலாக நிகழ்ந்துவிடுகிறது என்பதை 1943-இல் லூரியாவும் டெல்புருக்கும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை வைத்துக் காட்டினார்கள். நான்காவதாக, மருந்து சடுதிமாற்றத்தை உண்டாக்கியது என்று வெறுமனே எழுதிவைத்தால் வினா கெட்டுவிடும். சில ஆன்டிபயாடிக்குகள் சடுதிமாற்ற விகிதத்தைப் பொதுவாகக் கூட்டுகின்றன என்பதும் உண்மைதான், நன்கு வாசிக்கும் மாணவர் அதைக் குறித்துவிட்டு மதிப்பெண் இழப்பார். பாக்டீரியாவுக்கு எந்த மாற்றம் வேண்டுமோ அதையே மருந்து வரவழைத்தது என்று எழுதினால்தான் அது திட்டவட்டமாகத் தவறு.

தேவை இருந்தால் உறுப்பு உண்டாகும் என்ற நினைப்பு ஏன் இத்தனை விடாப்பிடியாக இருக்கிறது? ஜான் கோலி, கிம்பர்லி டானர் இருவரும் 2012-இல் எழுதிய கட்டுரையில், உயிரியலில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளுக்கு அடியில் மூன்று சிந்தனைப் பழக்கங்கள் கிடப்பதாகச் சொன்னார்கள். எதற்கும் ஒரு நோக்கம் கற்பிப்பது, ஓர் இனத்துக்குள் எல்லாம் ஒரே அச்சு என்று கொள்வது, மனிதனை வைத்தே மற்ற உயிர்களை அளப்பது. அன்றாட வாழ்க்கைக்கு மூன்றும் உதவுகின்றன. அதனால்தான் ஒரு பருவத்துப் பாடத்தால் அவற்றை அசைக்க முடிவதில்லை.

மரபியலில் இதற்கு இணையான பழைய பொறி ஒன்று இருக்கிறது. ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களை அல்லீல் என்பார்கள். ஒன்று இருந்தாலே பண்பு வெளிப்பட்டால் அது ஓங்கு, இரண்டு வேண்டுமென்றால் ஒடுங்கு. ஓங்கு அல்லீல் காலப்போக்கில் மக்கள்தொகையில் பெருகிக்கொண்டே போகுமா? ஆம் என்று சொல்லத் தோன்றும், ஓங்கு என்ற பெயரே அப்படி. குட்டை விரல் ஓங்கு பண்பு என்றால் நாளடைவில் நான்கில் மூன்று பேருக்கு அது இருக்க வேண்டுமே என்று புள்ளியியலாளர் உட்னி யூல் சொன்னதாக ஒரு சேதி கணிதவியலாளர் ஜி.எச்.ஹார்டியின் காதுக்கு எட்டியது. 1908-இல் ஒரு சிறு கடிதம் எழுதி, வேறு எதுவும் குறுக்கிடாதவரை அல்லீல் விகிதம் தலைமுறைதோறும் மாறாது என்று எளிய பெருக்கலில் நிறுவினார். இதைச் சோதிக்க ஹார்டி-வெய்ன்பெர்க் சமன்பாட்டில் எண்களைப் போட்டு வாங்கத் தேவையில்லை. உலகில் மிகப் பரவலான ரத்த வகையான ஓ ஒடுங்கு பண்பு, நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் ஓங்கு பண்பாக இருந்தும் அரிது, இரண்டும் எப்படிச் சாத்தியம் என்று கேட்டால் போதும்.

எனக்குப் பிடித்த வினா டிஎன்ஏ இரட்டிப்பாதலைப் பற்றியது. 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 ஊட்டி வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜன்-14 ஊடகத்துக்கு மாற்றினார்கள். டிஎன்ஏவை எடைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, முதல் தலைமுறையில் அது நடுத்தர எடையில் ஒரே பட்டையாக நின்றது. இரண்டாவதில் நடுத்தரம் பாதி, லேசு பாதி. இதை அப்படியே கேட்டால் மனப்பாடம். மூன்றாம் தலைமுறையில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: நடுத்தரம் கால், லேசு முக்கால். நல்ல கேள்வி அதற்கும் அப்பால் இருக்கிறது. முதல் தலைமுறையின் முடிவு மட்டுமே கையில் இருக்கிறது என்றால், இரட்டிப்பாதல் பற்றிய மூன்று கருதுகோள்களில் எதைத் தள்ளலாம்? பழைய இரட்டை இழை முழுசாக அப்படியே இருக்கும் என்ற கருதுகோள் சரியாக இருந்தால் கனம் ஒன்று, லேசு ஒன்று என இரு பட்டைகள் வந்திருக்க வேண்டும். ஆகவே அது மட்டும் விழுகிறது. ஒரு பழைய இழையோடு ஒரு புதிய இழை சேரும் என்பதும், பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலக்கும் என்பதும் நடுத்தரப் பட்டையையே தரும், பின்னதைத் தள்ள இரண்டாம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டும். பாடநூலில் ஒரே பத்தியில் கிடக்கும் அதே செய்திதான். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை எழுத, ஒரு சோதனை எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வினாக்களை எழுதி முடித்தால் போதாது, அவற்றையும் சோதிக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் முதல் 27 விழுக்காட்டினரையும் கடைசி 27 விழுக்காட்டினரையும் பிரித்துக்கொள்வது பழைய வழக்கம். 100 பேர் எழுதிய தேர்வில் மேல் 27 பேரில் 24 பேரும், கீழ் 27 பேரில் 9 பேரும் ஒரு வினாவுக்குச் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசமான 15-ஐ 27-ஆல் வகுக்க 0.56 வரும். நல்ல வினா. இந்த எண் குறைக்குறியோடு வந்தால் நன்றாகப் படித்தவர்களை வினாவே குழப்புகிறது, அல்லது விடைக்குறிப்பு தப்பு. யாருமே தொடாத விடை இருந்தால் அது இடத்தை அடைக்கிறது, மாற்றிவிடலாம்.

தேர்வு அளவுகோல் மட்டும் இல்லை, படிக்கும் வழியும்கூட. 2006-இல் ரோடிகர், கார்பிக் இருவரும் செய்த சோதனையில், ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு 81 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள், மறுபடி படிக்காமல் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, சோதித்துக்கொண்டவர்கள் 56. தேர்வுக்கு முந்தைய இரவு பாடத்தைப் புரட்டுவது ஏன் அவ்வளவு நம்பிக்கை தருகிறது, அந்த நம்பிக்கை ஏன் சீக்கிரம் வடிந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. கொள்குறி வினாவில் இதற்கு ஓர் ஆபத்தும் ஒட்டிக்கொண்டு வரும். கவர்ச்சியான தவறான விடையைக் குறித்துவிட்டு, அது தவறு என்று யாரும் சொல்லாமல் போனால், மனதில் அதுவே பதிந்துவிடக்கூடும். தவறான விடைகளை நம்பத்தகுந்தவையாகச் செதுக்கும் ஆசிரியர், தேர்வு முடிந்ததும் ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று வகுப்பில் பிரித்துக் காட்டவும் வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு கருத்துக்கு ஒரு வினா போதாது. ராஸ் நெம், மின்சு ஹா இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பரிணாமம் பற்றிய வினாவில் ஒரு பண்பு புதிதாகத் தோன்றுவதை விளக்கச் சொன்னபோதைவிட, இருந்த பண்பு மறைவதை விளக்கச் சொன்னபோது மாணவர்களிடம் தவறான எண்ணங்கள் அதிகம் வெளிப்பட்டன. ஒரு மிருகம் வேகமாக ஓடும் திறனை எப்படிப் பெற்றது என்று கேட்டால் வேறுபாடு, மரபு, தேர்வு என்று ஒழுங்காக எழுதும் ஒருவர், இருட்டுக் குகையில் வாழும் மீன் கண்ணை எப்படி இழந்தது என்று கேட்டதும், பயன்படுத்தாததால் மறைந்துவிட்டது என்று முடித்துவிடலாம். இருட்டில் கண்ணைப் பழுதாக்கும் சடுதிமாற்றங்கள் களையப்படாமல் சேர்கின்றன, கண்ணை வைத்துக் காப்பாற்றும் செலவு மிச்சமாவதும் சில மீன்களுக்குச் சாதகமாகலாம் என்று இரண்டாவதுக்கும் முதல் கேள்வியின் கருவிகளைக் கொண்டே பதில் எழுத முடியும். இரண்டையும் ஒரே தாளில், நடுவில் வேறு பாடத்து வினாக்கள் குறைந்தது பத்து இருக்குமாறு தள்ளித் தள்ளி வைத்துக் கேட்பது நல்லது. அடுத்தடுத்து வைத்தால் முதல் விடையைப் பார்த்து இரண்டாவதை எழுதிவிடுவார்கள்.